ஊமைச்சாமியின் ஒரே சீடர்

என் வீட்டுக்காரருக்குக் கொள்ளு ரசம் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் டம்ளரில் ஊற்றிக் குடிப்பார். நீங்கள் கேட்டது வேறு என்று தெரிகிறது, மேடம். ஆனால் விஷயம் அந்த ரசத்தில்தான் ஆரம்பிக்கிறது, அங்கிருந்து வந்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அவர் பெயர் செங்கோட்டையன். எங்களுக்கு மல்லசமுத்திரம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருந்தார். போர் போட ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வருஷத்தில் பாதி வெளியூர்தான். முட்டி வலி வந்து, போன வருஷம் வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். அதட்டுவதற்கு ஆள் இல்லாமல் தவித்துப்போனார். பெங்களூரில் இருக்கும் மகன்தான், பொழுது போகட்டும் என்று அவர் போனில் இன்ஸ்டாகிராம் போட்டுக் கொடுத்தான்.

மற்றவர்கள் பிடித்தவர்களைத் தேடி ஃபாலோ பண்ணுவார்கள். இவர் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பண்ணினார். வாசலுக்கு வந்த யாரையும் சும்மா அனுப்பாத குணம் அவருக்கு. ஒரு வைத்தியர் புளி விஷம் என்றார். வீட்டில் ரசம் நின்றது. இன்னொருவர், பின்னோக்கி நடந்தால் முட்டி வலி போகும் என்றார். இவர் களத்தில் பின்னோக்கி நடந்துபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தார். எருமை அப்போது அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே பயந்துவிட்டார்கள்.

ஒருநாள் போனை என்னிடம் நீட்டினார். “ஏ புள்ள, இது என்னமோ சுத்திக்கிட்டே கெடக்குது. பையன்கிட்டக் கேட்டுச் சரி பண்ணு.”

மகனைக் கூப்பிட்டேன். அவர் யார் யாரைப் பின்தொடர்கிறார் என்ற பட்டியலை எப்படித் திறப்பது என்று சொல்லிக் கொடுத்தான். “வேண்டாததையெல்லாம் எடுத்து விடுங்கம்மா” என்றான். நான் என் இஷ்டத்துக்குச் செய்யவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வைத்தியர்களை எடுத்தேன். எடுக்கப்பட்டவருக்குத் தகவலே போகாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஊரில் ஒருவரோடு பேச்சை நிறுத்த வேண்டுமானால் வேலித் தகராறாவது வேண்டும். இதில் விரலால் ஒரு தொடு. யாருக்கும் மனவருத்தம் கிடையாது. இவ்வளவு மரியாதையான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு கட்சிக்காரர்களை எடுத்தேன். வீட்டில் சத்தம் குறைந்தது. அவருடைய பழைய ரிக் சேக்காளிகள் கேரளாவில் படகில் உட்கார்ந்து பாட்டிலோடு படம் போடுவார்கள். அவர்களையும் எடுத்தேன். அவருக்குப் பெருமூச்சு குறைந்தது.

அடுத்து நவீன்குமார் இருந்தான். உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறானே, அதே பையன்தான். வாழப்பாடியில் இருக்கும் என் நாத்தனார் மாரக்காளின் மகன். அவன் தன் அம்மா சமைப்பதைப் படமெடுத்துப் போடுவான். ஒருநாள் அந்தம்மா கரண்டியைத் தூக்கிக் காட்டி, “எந்தம்பிக்கு இந்த அரிசிம்பருப்பு இருந்தாப் போதுஞ் சாமி, சட்டியோட வழிச்சிருவான்” என்றார். இவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று நான் வைத்திருந்ததும் அரிசிம்பருப்புச் சோறுதான். அவர் தட்டைப் பார்க்கவில்லை.

சொந்தக்காரப் பையனை எடுத்துவிடுவது முறையல்ல என்பதால் மியூட் மட்டும் பண்ணினேன். பட்டியலில் அவன் இருப்பான், அவன் போடுவது மட்டும் வராது. நாளைக்குக் கேள்வி வந்தாலும் பதில் இருக்கும்.

இப்படிச் சுத்தம் செய்ததில் ஒரு குறை வந்தது. “ஏ புள்ள, இதுல ஒண்ணுமே வர மாட்டீங்குது. கெணத்துக்குள்ள பாக்கறாப்புல இருக்குது” என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அதனால் என் போனில் நானே ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கினேன்.

ஊமைச்சாமி என்று பெயர் வைத்தேன். பேசாத சாமி என்றால் குரல் கொடுக்க வேண்டியதில்லை. படத்துக்கு எங்கள் தோட்டத்து வேப்பமரத்தின் அடிப்பாகம். அவர் போனில் நானே அதைத் தேடி ஃபாலோ பண்ணி வைத்தேன். வேறு யார் கேட்டாலும் அனுமதிக்கவில்லை. எனக்கு ஆசை கிடையாது, ஒரு சீடர் போதும்.

‘புளி குற்றமல்ல, கோபமே குற்றம்’ என்று முதலில் போட்டேன். மறுநாள் ரசம் கேட்டார். ‘உண்ட தட்டைத் தானே கழுவுகிறவன் வினையைக் கழுவுகிறான்’ என்று போட்டேன். மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனவர், என் தட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் நிறுத்தத்தான் நினைத்தேன். அவர்தான் சாமிக்குத் தனியாகச் செய்தி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

ரிக் வண்டியை வாங்கினவர் ஓட்டிக்கொண்டு போன அன்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதாராம். இப்போது தன்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லையாம். ‘ஊட்டுல சொல்லோணும்னு இருக்குதுங்க சாமி. அவ என்ன நெனப்பாளோன்னு கூச்சமா இருக்குது’ என்று எழுதியிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறோம், இதில் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. அடுப்படியில் நின்று படித்தேன். கண் கலங்கியது. முந்தானையில் துடைத்துக்கொண்டு பதில் போட்டேன்: ‘வீட்டில் சொல்லாதே. என்னிடம் சொல். போதும்.’

அவர் முன்கட்டில் கட்டிலில் இருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

பிறகு நவீன்குமாரின் கல்யாணம் வந்தது. மாரக்காள் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைத்தார். “தாய்மாமன் நீ வந்து மாலை போட்டாத்தான் எம்பையன் மேடை ஏறுவான், தெரிஞ்சுக்க” என்றார். “நா வராமக் கல்யாணமுங்களா அக்கா?” என்று இவர் குழந்தைபோலச் சிரித்தார்.

அன்று சாயங்காலமே சாமிக்குச் செய்தி வந்தது. ‘அக்கா எனக்கு அம்மா மாதிரிங்க. முன்னாடியே போயி ஒரு வாரம் அங்கயே தங்கலாம்னு பாக்கறேன். அக்கா கையில சாப்புட்டா மனசு ஆறும்.’

இதை இரண்டு முறை படித்தேன். பிறகு, ‘இந்த மாதம் கிழக்கே போகாதே. போனால் மனைவிக்கு ஆகாது’ என்று எழுதினேன். வாழப்பாடி எங்களுக்குக் கிழக்கு.

‘முகூர்த்தத்துக்கு மட்டும் போயிட்டு ஓடியாந்தர்ரனுங்க சாமி’ என்று கேட்டார். பதில் போடவில்லை. ஊமைச்சாமிதானே.

கல்யாணத்தன்று விடிந்ததும் குளித்து, பட்டு வேட்டி கட்டிக் கட்டிலில் உட்கார்ந்தார். “ஏனுங்க, கெளம்பலீங்களா?” என்று நான் முறைப்படி கேட்டேன். “உனக்கு ஆகாதுன்னு இருக்குது சாரதா. உன்னய உட்டுட்டு எனக்கென்ன கல்யாணம்?” என்றார். அவர் அப்படி என்னிடம் சொன்னது அதுவே முதல் தடவை. எனக்குத் தாலி கட்டிய அன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. என் போனில் மாரக்காள் வந்தார். பின்னால் மேளம் கேட்டது. “பையன் மேடைக்குக் கீழயே நிக்கிறான். எந்தம்பிக்கு என்னாச்சு சாரதாமணி?”

“அவருக்கு மனசு சரியில்லீங்க நங்கையா” என்று நாத்தனாரிடம் சொன்னேன். பொய் இல்லை. அவர் வேட்டிக் கரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

கடைசியில் இவருக்குப் பங்காளி முறைக்காரர் யாரோ மாமன் இடத்தில் நின்று மாலை போட்டதாகக் கேள்விப்பட்டேன். மாரக்காள் அதன்பிறகு எங்களோடு பேசுவதில்லை. ‘நா செஞ்சது செரிதானுங்களா சாமி?’ என்று இவர் தினமும் கேட்கிறார். சரி என்று தினமும் பதில் போடுகிறேன். சலிப்பே படுவதில்லை.

கல்யாணம் முடிந்து சண்டை போட வந்த நவீன்குமார்தான் மாமன் போனில் சாமியைப் பார்த்துவிட்டான். யாரோ மந்திரவாதி மயக்கி வைத்திருக்கிறான் என்று உங்களிடம் வந்திருக்கிறான். நீங்கள் நம்பரைத் தேடினால் என் பெயர் வருகிறது. ஆமாம், நான்தான். எல்லாக் கணக்கையும் எடுத்தது, பையனை மறைத்தது, கிழக்கே போகாதே என்றது, எல்லாம் நான்தான். அவரிடமிருந்து பணம் வாங்கினாயா, நகை வாங்கினாயா என்று கேட்டீர்கள். அவருடைய எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை, மேடம்.

அவர் வெளியே பெஞ்சில் இருக்கிறார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் மேஜையில் இருக்கும் என் போனில் இப்போது வெளிச்சம் வந்ததே, அது அவர்தான். நீங்களே படியுங்கள்.

‘சாமி, எம்பட ஊட்டுக்காரிய உள்ள கூப்புட்டுட்டாங்க. சூதுவாது தெரியாதவளுங்க. நீங்கதான் காப்பாத்தோணும்.’

கணக்கை மூட வேண்டும் என்றால் மூடிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் போட்டுவிடுகிறேன், போனைக் கொடுங்கள். மனசு விட்டுப் பேச அந்த மனிதருக்கு வேறு ஒரு ஆள்கூட இல்லை, பாவம்.