தொட்டியின் உட்சுவர்

உங்கள் ஸ்டேஷன் சுவரில் பெயிண்ட் உரிந்திருக்கும் அந்த மூலை நன்றாக இருக்கிறது, மேடம். கிண்டல் செய்யவில்லை. மேலே பச்சை, அதற்கடியில் பழைய நீலம், அதற்கும் அடியில் சுண்ணாம்பு. பெஞ்சில் உட்காருகிறவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்து எண்ணெய் ஏறிய இடம் மட்டும் லேசாக மினுக்குகிறது. புதுச் சுவரை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். இதை வரைய எனக்கே ஒரு வாரம் ஆகும்.

வரிசையாகச் சொல்கிறேன். ரைட்டர் ஐயா நிதானமாக எழுதட்டும். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, நானாகத்தான் நடந்து வந்தேன் என்பதையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஆல்வின். வயது இருபத்து நான்கு. ஊர் ஆம்பூர். காட்பாடியில் ஒரு பயிற்சி நிலையத்தில் வீடியோ கேமுக்கான ஓவியம் இரண்டு வருஷம் படித்தேன். கேம் என்றால் ஓடுவதும் சுடுவதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓடுகிறவன் ஒரு சுவர் ஓரமாகத்தானே ஓட வேண்டும். அந்தச் சுவரை ஒருவன் செய்ய வேண்டும். செங்கல், காரை, பாசி, ஒரு ஆணி, ஆணியிலிருந்து வழிந்த துரு. அந்த வேலைதான் என் வேலை.

முதல் மாதம் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. கோபி சார் ஓர் அட்டைப்பெட்டியை மேசையில் வைத்தார், அதையே பத்து நாள் வரைந்தோம். அப்புறம் கண்ணாடி பாட்டில். அப்புறம் அவரவர் இடது கை. "தலையிலருந்து வரையாதீங்கப்பா, கண்ணுலருந்து வரைங்க. தெரியும்னு நெனச்சுப் போடுற கோடுதான் பொய்யா நிக்கும்" என்பார். எதைச் செய்தாலும் நிஜப் பொருளின் படம் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு ரெஃபரன்ஸ் என்று பெயர். அந்த வார்த்தையை ரைட்டர் ஐயா சரியாக எழுதிக்கொள்ளட்டும். இந்தக் கேஸே அதில்தான் இருக்கிறது.

எனக்கு எல்லாம் சுலபமாக வரவில்லை. மனித உடம்பு வரவே இல்லை. நான் செய்த ஆட்கள் எல்லாம் துணிக்கடைப் பொம்மை மாதிரி விறைத்து நின்றார்கள். ஆனால் பழசானது, கிழிந்தது, கறை பட்டது என்றால் என்னை அடிக்க ஆள் கிடையாது. வகுப்பில் ஒருநாள் தோல் பை செய்யச் சொன்னார்கள். எல்லோருடைய பையும் பிளாஸ்டிக்காக வந்தது. மாட்டின் கழுத்துத் தோலுக்கும் வயிற்றுத் தோலுக்கும் சுருக்கம் வேறு வேறு என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான் அதைப் பார்த்து வளர்ந்தவன். கோபி சார் என் திரையை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினார்.

அன்றைக்குத்தான் இளம்பரிதி என் பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்தான். சத்துவாச்சாரி பையன். அவன் அப்பா பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர், இன்னும் தினமும் வாக்கிங் போகிறார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். சிரித்த முகம். எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா அவனுக்குத்தான் முதலில் தட்டு வைப்பாள். என் லேப்டாப் பழசு. வெளிச்சம் சேர்த்து முழுப் படமாக எடுக்கச் சொன்னால் மூச்சு வாங்கி நின்றுவிடும். அவனிடம் நல்ல மெஷின் இருந்தது. என் வேலையை எல்லாம் அதில் போட்டுத்தான் முடித்துக் கொடுப்பான். "உன்னுது என்னுதுன்னு இன்னாடா இருக்குது மச்சி" என்பான். அதை அவன் உண்மையாகவே சொல்லியிருக்கிறான் என்று பிறகுதான் புரிந்தது.

கடைசி வருஷ வேலைக்கு நான் தோல் பதனிடும் பழைய டேனரி ஒன்றைச் செய்தேன். எங்கள் பக்கம் தோல் ஷாப்பு என்பார்கள். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே, பாலாற்றங்கரையில் மூடிக் கிடக்கிறதே, அதுதான். தோல் ஊறும் குழிகள், சுழலும் மர டிரம்கள், கொடியில் தொங்கும் தோல்கள், பின்பக்கம் கழிவுநீர்த் தொட்டி. அந்தத் தொட்டியில்தான் என் அப்பா இறந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. சுத்தம் செய்ய முதலில் இறங்கினவர் வேறு ஒருவர். அவர் விழுந்ததும் தூக்கப் போன அப்பா அவர் பக்கத்திலேயே விழுந்தார்.

எங்கள் தெருவில் பல் முளைக்காத பிள்ளைக்கும் ஒரு விஷயம் தெரியும். தொட்டியில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறவரை ஓடித் தப்பிக்க நேரம் உண்டு. நாற்றம் திடீரென்று நின்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து ஆள் சாவான்.

ஏழு மாதம் அந்த வேலையைச் செய்தேன். அப்பாவின் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, மேடம். ஒரே ஒரு கல்யாண போட்டோ, அதிலும் பாதி முகம் மாலையில் மறைந்திருக்கும். அவரை எனக்குச் செய்யத் தெரியவில்லை. அவர் போன இடத்தையாவது செய்வோம் என்று உட்கார்ந்தேன். முடித்த அன்று வாய்விட்டு அழுதேன். பிறகு ஃபைலை இளம்பரிதியிடம் கொடுத்தேன், அவன் மெஷினில் போட்டு முழுப் படமாக எடுப்பதற்காக.

நான்கு மாதம் கழித்து பெங்களூரில் ஒரு கேம் கம்பெனி என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அதற்குள் இளம்பரிதியும் அதே ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான், எந்தக் கம்பெனி என்று மட்டும் சொல்லவில்லை. என் படத்தைத் திரையில் போட்டேன். எதிரே இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு அம்மா சொன்னார்: இதைச் செய்த பையன் எங்களிடம்தான் வேலை செய்கிறான், அவன் அப்பா இந்தத் தொட்டியில் செத்துப்போனவர், இதைக்கூடவா திருடுவீர்கள்? அவர்களே ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். இளம்பரிதி பேசுகிறான். "இது என் அப்பா போன இடம்" என்கிறபோது அவன் குரல் உடைகிறது. நன்றாகத்தான் உடைகிறது. முடித்த ஃபைல், தேதி, எல்லாம் அவன் மெஷின், அவன் பெயர். நான் என் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் அப்பாவை நானே திருடியதாக என்னைத் துரத்தினார்கள், மேடம். இதை அப்படியே எழுதுங்கள்.

அவன் ஊருக்கு வந்தபோது கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"மச்சி, இதுக்குப் பின்னாடி இன்னா கதைன்னு கேட்டாங்கடா. எங்கப்பா பேங்க்ல சேர்ந்தாரு, ரிட்டயர் ஆனாருன்னா சொல்றது? வாய்ல அது வந்துடுச்சு. அப்புறம் மாத்த முடியல."

அவனே என் தோளில் தட்டினான். "உங்கப்பாவுக்குத்தானடா இதுல பேரு. நீ ஏன் பேஜார் ஆவுற?"

"பரவால்லடா" என்றேன். அந்த நிமிஷத்தில்தான் அவனைக் கொல்வது என்று முடிவு செய்தேன். ஆத்திரத்தில் கை நீட்டிவிட்டான் என்று நாளைக்கு எந்த வக்கீலாவது சொன்னால் விடாதீர்கள். ஆத்திரம் இருந்தது, இப்போதும் இருக்கிறது, ஆனால் அதை நான் எட்டு மாதம் பொறுப்பாக வைத்திருந்தேன். பொங்கலுக்கு அவனுக்கு வாழ்த்துகூட அனுப்பினேன்.

அவனே கூப்பிட்டான். "நீதான்டா காப்பாத்தணும். கம்பெனில அந்தத் தொட்டிய பெரிய கேம்ல வைக்கிறாங்க. தொட்டியோட உட்சுவர் மட்டும் பொய்யா இருக்குதுன்னு எங்க டீம் லீடு புடிச்சுட்டாரு."

அவர் கண் சரியானது. மற்ற எல்லாவற்றையும் நேரில் பார்த்துச் செய்த நான், தொட்டிக்கு உள்ளே மட்டும் எட்டிப் பார்க்கவே இல்லை. என்னால் முடியவில்லை. தலையிலிருந்துதான் செய்திருந்தேன். கோபி சாரை நினைத்து எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. சுவரைச் சுற்றிலும் நூறு, நூற்றைம்பது போட்டோ நெருக்கி நெருக்கி எடுத்துக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதை அப்படியே வடிவமாக்கிவிடும். நானே எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். "நீ வாடா, உன் பேர்ல இருக்குற வேல, நீ எறங்கி எடுத்தாதான் மரியாதை" என்றேன். அவனுக்கு அது நியாயமாகப் பட்டது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். கேட்டில் வாட்ச்மேன் ரத்தினசாமி இருந்தார். அதே தோல் ஷாப்பில் நாற்பது வருஷம் வேலை செய்தவர். என் அப்பாவை மேலே தூக்கிப் போட்டவரும் அவர்தான். என்னைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார். பன்னிரண்டே முக்காலுக்கு, "மாமா, ரோட்டுக் கடையில டீ வாங்கியாங்க" என்று அனுப்பினேன். போய்வர இருபது நிமிஷம் ஆகும். அவரை அங்கிருந்து அப்புறப்படுத்தத்தான் அனுப்பினேன் என்பதைக் கவனியுங்கள். அவர் நல்லதுக்காகத்தான்.

இளம்பரிதி கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு இரும்புப் படியில் இறங்கினான். பன்னிரண்டு அடி ஆழம். அடியில் முழங்கால் அளவு சேறு, மேலே பால் ஏடு மாதிரி ஓர் ஏடு காய்ந்து கிடந்தது. "யப்பா, இன்னா நாத்தம்டா இது" என்றான். எடுக்க ஆரம்பித்தான். நான் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நின்றேன்.

"ஓரத்தையும் எடு. ஏட்ட காலால ஒடச்சுட்டு எடு, அடியிலதான் நெஜமான கலர் இருக்குது" என்றேன். உடைத்தான். கேமராச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில், "மச்சி, நாத்தம் போயிடுச்சுடா. இப்போ ஒண்ணுமே தெரியல" என்றான். சந்தோஷமாகச் சொன்னான்.

"பழகிடுச்சு. எடு" என்றேன்.

நான் அவனைத் தள்ளவில்லை, அடிக்கவில்லை, மேடம். இரண்டே வார்த்தை. கேமராச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தான். வலது கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்கு நெஞ்சு லேசானது. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் அல்லவா.

அப்போதுதான் ரத்தினசாமி வந்துவிட்டார், கையில் காலித் தூக்குவாளியோடு. "ஜும்மா தொழுகைக்குக் கட சாத்திட்டாங்கப்பா" என்றார். ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவன் நான். வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது என்பதை எப்படி மறந்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அவர் தொட்டியைப் பார்த்தார். கீழே கை அசைவதைப் பார்த்தார். விஷயம் தெரிந்த மனிதர், குதித்துவிடவில்லை. ஆனால் அத்தனை வருஷ வேலையில் அவருக்கு மூக்கு எப்போதோ போய்விட்டது. என்னைத்தான் கேட்டார்.

"ஆல்வினு, எனக்கு மூக்கு இல்ல. நாத்தம் அடிக்குதா சொல்லு. அடிச்சா சட்டுனு எறங்கி இழுத்துடறேன். இல்லன்னா ஓடிப்போய் ஆளுங்கள இட்டாறேன்."

பக்கத்துக் கம்பெனியில் முகமூடியும் கயிறும் உண்டு. ஓடினால் ஐந்து நிமிஷம். அந்தக் கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன், இப்படி. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. நான் நின்ற இடத்தில் நாற்றம் அடித்துக்கொண்டுதான் இருந்தது, அதனால் அது பொய்யும் இல்லை. அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். நாலாவது படியிலேயே கை விட்டுப்போயிற்று.

இரண்டு பேர் சாவையும் விபத்து என்று நீங்கள்தான் எழுதினீர்கள். எனக்கு ஆறுதல் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அதோடு விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் அந்தக் கம்பெனி அவன் படத்தைப் போட்டு, அப்பா போன இடத்திலேயே கலைக்காக உயிர் கொடுத்தவன் என்று எழுதியது. ஆயிரக்கணக்கான பேர் அழுதிருக்கிறார்கள். இதையும் அவன் பெயரில் போக விடமாட்டேன். இளம்பரிதியைக் கொன்றது நான். திட்டம் போட்டது நான், நாளைக் குறித்தது நான். இது என் வேலை. என் பெயர் அதில் இருக்க வேண்டும்.

ரத்தினசாமியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள்.

நேற்று நான் முதலில் இங்கே வந்தபோது நீங்கள் கோர்ட்டுக்குப் போயிருந்தீர்கள், நான் பெஞ்சில் காத்திருந்த நேரத்தில் அவர் மகள் முத்துமாரி வந்தாள். ஷூ கம்பெனியில் தைக்கிறவள், வேலை உடுப்போடேயே வந்திருந்தாள். திட்டவில்லை. "எங்கப்பா எப்டி செத்தாருன்னு நீ ஒருத்தன்தான பார்த்த, சொல்லு" என்றாள். என் அப்பா விஷயத்தில் அந்தக் கேள்விக்கு எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை. ஏட்டையாவிடம் தாளும் பேனாவும் வாங்கி வரைந்தேன். சுவரின் அரிப்பு, துருப்பிடித்த படிகள், உடைந்த ஏடு, சாய்ந்து கிடக்கும் இளம்பரிதி, நாலாவது படியில் அவள் அப்பா. என் கைக்கு மனித உடம்பு முதல்முறையாகச் சரியாக வந்தது. நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். விரல் வைத்துக் கேட்டாள். "இது செத்துப்போன பையன். இது எங்கப்பா. நீ எங்க?"

பார்க்கிறவனின் கண்ணிலிருந்து வரைகிற படத்தில் பார்க்கிறவன் தெரியமாட்டான், அதுதான் முறை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். முதல் வருஷப் பாடம்தான். அவளுக்குப் புரியவில்லை, மேடம்.