படித்துக் காட்டாத காகிதம்

மேடையில் இருக்கும் பெரிய டாக்டர் ஐயா அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, வார்டில் ஆளை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கும் பிள்ளைகளே, முன்வரிசையில் இருக்கும் சிஸ்டரின் மகளே, எல்லோருக்கும் வணக்கம். நான் மூன்றாவது வார்டு ஆயா. என் பெயரை எழுதக் கற்றதோடு என் படிப்பு நின்றது. மேடைப் பேச்சு எனக்கு வராது. பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசிய நீங்கள், நம்மை விட்டுப் போன பெரிய சிஸ்டரைத் தாய் என்றீர்கள், தெய்வம் என்றீர்கள். அவர் இருந்தபோது அப்படியா கூப்பிட்டீர்கள்? "நில்லு சிஸ்டர்" என்றுதானே உங்களுக்குள் சொல்லிச் சிரித்தீர்கள்!

படிப்பு முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகளை முதல் மூன்று மாதம் அவர்தான் கூடவே வைத்துக்கொள்வார். ஊசியைக் கையில் எடுத்ததும் குரல் வரும். "நில்லு. ஆயாம்மாகிட்ட சொல்லு. யாருக்கு, என்ன மருந்து, எதுக்கு, எவ்வளவு. அவங்களுக்குப் புரிஞ்சாத்தான் உனக்குப் புரிஞ்சிருக்கு."

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்பேன். ஒருத்தி முணுமுணுத்தாள். "இவங்க என்ன டாக்டரா?" சிஸ்டர் விடவில்லை. "டாக்டர்கிட்ட தப்பாச் சொன்னா திட்டுவார். இவங்ககிட்ட தப்பாச் சொன்னா சிரிப்பாங்க. எது அதிகமா வலிக்கும்னு நீயே பாரு."

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. சிஸ்டர், மூச்சுத் திணறிய ஒரு நோயாளியிடம் ஓடியிருந்தார். புதிதாக வந்த ஒரு பெண் ஊசியோடு என்னைத் தாண்டிப் போனாள். "கண்ணு, சொல்லிட்டுப் போ" என்றேன். "நேரமில்ல ஆயாம்மா" என்றாள். ஆறாம் படுக்கைக்கு உரியதை ஏழாம் படுக்கைக்குப் போட்டுவிட்டாள். அந்த ஆள் பிழைத்தது பெரிய காரியம்.

விசாரணையில் சிஸ்டர் என்ன சொன்னார்? "அந்தப் பொண்ணு என் பொறுப்பு. நான் பக்கத்துல இல்லாதது என் தப்பு." அவ்வளவுதான். அவளைப் பற்றிக் குறையாக ஒரு சொல் இல்லை!

அதற்கு என்ன கிடைத்தது? அவர் கைபிடித்து நடத்திய பதினொரு பேர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். ஏழாம் படுக்கைக்குப் போடச் சொன்னதே சிஸ்டர்தான் என்று! அவரைத் துணி அறைக்கு அனுப்பினார்கள். ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை, சாகும்வரை போர்வை மடித்தது.

அங்கே அவரோடு டீ குடிக்கும்போதெல்லாம் அந்தப் பதினொரு பேரையும் வாய் ஓயாமல் திட்டுவேன். "விடுங்க ஆயாம்மா, டீ ஆறுது" என்பார்.

நேற்று அவருடைய மகள், சிஸ்டரின் பெட்டியில் இருந்த அந்தக் காகிதத்தின் நகலை எடுத்து வந்தாள். "பன்னிரண்டாவதா உங்க கையெழுத்து இருக்கே, ஆயாம்மா" என்றாள்.

 விசாரணை நடந்த சமயம், ஊசியை மாற்றிப் போட்ட அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "லீவு விஷயமா ஒரு தாள்தான் ஆயாம்மா, எல்லாரும் போட்டாச்சு" என்றாள். போட்டேன். எத்தனை பிள்ளைகளுக்குக் காது கொடுத்தவள் நான்! அன்று "படிச்சுக் காட்டு" என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லையே!

சிஸ்டருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நாலு வருஷம் என் டம்ளரில் டீ ஊற்றியிருக்கிறார்.

நாளைக் காலை ஆறு புதுப் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். ஊசியை எடுத்தால் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். யார் தடுத்தாலும் வழியில் நிற்பேன். இது சிஸ்டருக்கு நான் கொடுக்கும் வாக்கு. என் கையெழுத்தை இந்தச் சபையில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்ற பதினொன்றும் உங்கள் பாடு.

மலர்வளையம் வைத்துவிட்டு மேடையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணே, அன்று என்னிடம் லீவுத் தாள் என்று நீட்டியவளே, இன்று நீ வார்டுப் பொறுப்பாளர். நகல் இதோ என் கையில் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது.

வா கண்ணு. இங்க வந்து நில்லு. எனக்குப் புரியிற மாதிரி வாய்விட்டுப் படி.