ஏழாவது விதி

எங்கள் ஊரில் ஒரு கூட்டத்துக்கு ஆள் சேர வேண்டுமானால் சாசேஜ் சுட வேண்டும். நகரத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொட்டித் துண்டில் ஒரு சாசேஜ், கொஞ்சம் வதக்கிய வெங்காயம், மேலே தக்காளி சாஸ். இது இல்லாமல் டெலாங்காவில் ஒருவரும் நாற்காலியில் வந்து உட்கார மாட்டார்கள்.

நீங்கள் கேட்டபடி என் கைப்பட எழுதுகிறேன். பெயர் லிண்ட்சே காரவே. வயது ஐம்பத்தெட்டு. கால்நடைத் தீவனக் கடையில் வேலை. ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளமில்லாத் தொண்டனாக இருபத்தாறு வருடம். அதில் கடைசிப் பதினோரு வருடம், தீ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு. பிப்ரவரி ஒன்பதாம் தேதி மதியம் ஹானிகனின் வயலில் தீ வைத்தது நான்தான். அதை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஏன் என்பதை மட்டும் ஒழுங்காகச் சொல்ல விடுங்கள். இந்த ஊரில் என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டவர்கள் குறைவு.

ஒவ்வொரு நவம்பரிலும், இங்கே டிசம்பரில் கோடை தொடங்கும் முன், ஊர்க் கூடத்தில் கூட்டம் போடுவேன். வீட்டுக்கு ஒரு படிவம். தீ வந்தால் எப்போது கிளம்புவீர்கள், எந்தச் சாலையில் போவீர்கள், எதை எடுத்துக்கொள்வீர்கள், நாய் பூனைக்கு என்ன ஏற்பாடு. நாலே கேள்வி, பத்து நிமிட வேலை. பத்து வருடத்தில் ஒரு கூட்டத்துக்கு அதிகபட்சம் ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி என் மனைவி லொரெய்ன், இன்னொருவர் கூடத்தைப் பூட்டிக்கொண்டு போக வந்தவர். படிவத்தை மரியாதையாக வாங்கிக்கொள்வார்கள். அடுத்த வாரம் யார் வீட்டுக்காவது போனால் அதன் பின்பக்கத்தில் மளிகைப் பட்டியல் எழுதியிருக்கும்.

எங்கள் படையின் கேப்டன் டூகல் மக்ரேவுக்கு இதெல்லாம் வேடிக்கை.

“படிவத்த யாரு மாப்ள படிக்கறா? பொகை தெரிஞ்சா வண்டில ஏறிப் போய்ட்டே இருப்பாங்க. இங்க பொறந்தவனுக்கு அதப் போய் சொல்லித் தரணுமா?”

“எந்த ரோட்ல போவாங்க?”

“இருக்கறதே ரெண்டு ரோடு. பொகை இல்லாத ரோட்ல போவாங்க.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் சிரித்துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஜாம்பி யோசனை லொரெய்னால் வந்தது. செத்தவர்கள் எழுந்து வந்து ஆட்களைக் கடிக்கும் ஒரு ஜாம்பித் தொடரை அவள் வாராவாரம் டிவியில் பார்ப்பாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, “நிஜமாவே ஜாம்பி வந்தா நான் தானியக் கிடங்கு மேல ஏறிடுவேன். ஏணிய மேல இழுத்துக்குவேன். ஒரு மாசத்துக்கு டின் பீன்ஸ் போதும். உன்னக் கூட்டிட்டுப் போறதா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணல” என்றாள். எந்தக் கோடரியை எடுப்பது, அது எந்தக் கொட்டகையில் இருக்கிறது என்பது வரை யோசித்து வைத்திருந்தாள். பதினோரு வருடமாக என் படிவத்தில் பேனாவை வைக்காதவள் அவள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன், இவர்களுக்கு இல்லாத பேய்க்குத்தான் பயம் என்றால் அந்தப் பேயையே காட்டுவோம் என்று.

கடை வாசலில் ஒட்டினேன்: ‘ஜாம்பிகள் வந்தால் பிழைப்பது எப்படி? சனிக்கிழமை மதியம், ஊர்க் கூடம். சாசேஜ் உண்டு.’ நாற்பத்தேழு பேர் வந்தார்கள். பாதிப் பேர் முகத்தில் மைதா மாவு, வாயோரம் தக்காளி சாஸ். டூகல் ஒரு காலை இழுத்துக்கொண்டு முனகியபடி வந்து என் தோளைக் கடித்தான். கறிக்கடைக்காரர் குலுக்கல் பரிசாக ஒரு தட்டு நிறைய ஆட்டுக்கறி கொடுத்திருந்தார்.

பத்து விதிகள் எழுதி ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். ஒவ்வொன்றும் உண்மையில் தீக்கானது. குளியல் தொட்டியில் நீர் நிரப்பி வை. கதவடியில் ஈரத் துண்டைத் திணி. பூட்ஸை எப்போதும் வாசலில் தயாராக வை. பேட்டரி ரேடியோ வாங்கு. ஏழாவதை மட்டும் சிரிப்புக்காகச் சேர்த்தேன்: ‘வீட்டுக்குள்ளேயே இரு. யார் வந்து கூப்பிட்டாலும், தெரிந்த குரலாகவே இருந்தாலும், கதவைத் திறக்காதே. திறந்தால் உள்ளே வந்துவிடும்.’ அதை டூகலின் குரலில் படித்துக் காட்டினேன். கூடமே அதிர்ந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்னதற்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது அன்றுதான்.

இடைவேளைக்குப் பிறகு, ஜாம்பி என்ற இடத்தில் தீ என்று போட்டுப் படியுங்கள், ஏழாவதை மட்டும் அடித்துவிடுங்கள் என்று சொல்வதாக இருந்தேன். தீக்கு அந்த விதி நேரெதிர். தீ வரும் நாளில் முன்கூட்டியே கிளம்பிவிட வேண்டும், யாராவது கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் வெளியே வர வேண்டும். ஆனால் இடைவேளையில் குலுக்கலை நடத்திவிட்டார்கள். கறித்தட்டு டூகலுக்கு விழுந்தது. அவன் எல்லோரையும் பப்புக்கு அழைத்தான். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு காலி நாற்காலிகளைப் பார்த்து நின்றேன். லொரெய்ன் மேசையைத் துடைத்தபடி, “ஜனங்க சாசேஜ் திங்க வந்தாங்க. விடேன் லிண்ட்சே” என்றாள்.

முன்வரிசையில் ரோவீனா ஆஷ்பி மட்டும் இடைவேளை வரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் அவரும் கிளம்ப வேண்டியிருந்தது. அவர்தான் எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர். பக்கத்து ஊருக்கு நெட்பால் ஆடப் போன பெண்களை ஏற்றி வர வேண்டும். மெல்பர்னிலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. மேற்குக் கோடியில், வயலை ஒட்டிய பழைய மர வீட்டில் தனியாக இருந்தார்.

அடுத்த புதன்கிழமை அவர் தீவனக் கடைக்கே வந்து படிவத்தைக் கொடுத்தார். நாற்பத்தேழு பேரில் ஒருவர். எல்லாக் கட்டங்களும் நீல மையில், பள்ளிக்கூடக் கையெழுத்தில். எப்போது கிளம்புவீர்கள் என்ற கேள்விக்கு, ‘கிளம்ப மாட்டேன். ஏழாவது விதிப்படி உள்ளேயே இருப்பேன்’ என்று எழுதியிருந்தார். வாசித்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தப் படிவம் உங்கள் மேசையில் இருக்கிறது, அதனால் இல்லை என்று சொல்லப் போவதில்லை.

சொல்லித் திருத்தலாம் என்றுதான் மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவில் என் பத்து விதிகளையும் லேமினேட் செய்து ஒட்டியிருந்தார்.

“எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் புரிஞ்சுது. ஜாம்பின்னு நீங்க சொன்னது தீயத்தானே?” என்றார்.

“ஆமா.”

“இங்க வந்ததுலேர்ந்து காத்தடிச்சாலே எனக்குப் பயம் லிண்ட்சே. யார்கிட்ட கேட்டாலும், ‘பொகை தெரிஞ்சா போயிடு’ன்னு சிரிக்கறாங்க. எந்தப் பொகை, எவ்ளோ பொகைன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒருத்தர்தான் என்ன செய்யணும்னு எழுதிக் கொடுத்தீங்க. இத ஒட்டினப்பறம்தான் நிம்மதியா தூங்கறேன்.”

ஏழாவது விதி தப்பு என்பது நாக்கு நுனி வரை வந்தது. அவர் எனக்கு இன்னொரு கோப்பை டீ ஊற்றினார், கேக் வெட்டி வைத்தார். என் எழுத்துக்கு அப்படி ஒரு மரியாதை எந்த வீட்டிலும் கிடைத்ததில்லை. அதன் மேல் ஒரு கோடு போட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி முதல் வாரம் தீயணைப்புத் துறையின் வட்டார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நூற்று நாற்பது வீடுள்ள ஊரில் ஒரே ஒரு படிவம் வந்திருப்பதால் இனி டெலாங்காவில் தனிக் கூட்டம் தேவையில்லை, என் பதினோரு வருடச் சேவைக்கு நன்றி. டூகல் அதைப் படையின் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தான். மடித்து என் சட்டைப் பையில் வைத்து, “ஜாம்பிக்கு வேல போச்சு மாப்ள” என்றான்.

புகையைக் கண்ணால் பார்த்தால்தான் இவர்களுக்குப் புத்தி வரும் என்று முடிவு செய்தேன். அதையும் பொறுப்போடுதான் செய்தேன். வெளியில் தீ மூட்டக் கூடாது என்று தடை அறிவித்த நாட்களைத் தவிர்த்தேன். ஹானிகனின் வயல் ஊருக்கு வடமேற்கே இருக்கிறது. அறுவடை முடிந்து வெறும் பயிர்த்தாள்தான் நின்றது. வடக்குக் காற்றில் தீ ஊரைத் தொடாமல் மேற்குப் பக்கமாகத் தெற்கே போய், உப்பு ஏரியில் அணைந்துவிடும். காற்று திசை மாறுவது ஐந்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு மணிக்கு வைத்தேன். ஊர் முழுக்கப் பார்க்கும், பயப்படும், சாயங்காலம் படிவம் கேட்டு என் வாசலுக்கு வரும். படையை அழைக்கும் பேஜர் அடித்தபோதே நான் பூட்ஸ் போட்டுத் தயாராக நின்றதாக டூகல் உங்களிடம் சொல்லியிருக்கிறான். அது மூன்றாவது விதி. அவனும் படித்திருந்தால் தயாராக நின்றிருப்பான்.

காற்று மூன்று மணிக்கே மேற்குக் காற்றாக மாறியது. அதற்கு நான் பொறுப்பில்லை. தெற்கே ஓடிக்கொண்டிருந்த தீயின் ஒரு பக்கம் முழுவதும் அப்படியே ஊரைப் பார்த்துத் திரும்பியது.

இங்கேதான் என்னால் தாங்க முடியாத விஷயம் இருக்கிறது. ஊர் பதினைந்து நிமிடத்தில் காலியானது. ஒருவர்கூடப் படிவத்தைத் தேடவில்லை. புகையைப் பார்த்தார்கள், வண்டியில் ஏறினார்கள், புகை இல்லாத சாலையில் போனார்கள். டூகலின் மனைவி மைக்ரோவேவை மடியில் வைத்துக்கொண்டு போனாள். லொரெய்ன்கூட எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள், தானியக் கிடங்குப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கிளம்பிய எல்லோரும் பிழைத்தார்கள், எல்லாவற்றையும் தப்பாகச் செய்து.

டூகலும் நானும் தீயணைப்பு வண்டியில் மேற்குக் கோடிக்கு வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போனோம். கடைசி வீடு ரோவீனாவுடையது. டூகல் ஸ்டியரிங்கில் இருந்தான். நான் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். கதவடியில் ஈரத் துண்டின் நுனி தெரிந்தது. சுத்தமாகத் திணித்திருந்தார்.

“யாரு?”

“நான்தான். லிண்ட்சே.”

“உள்ளதான் இருக்கேன். தொட்டில தண்ணி ரொப்பிட்டேன். ரேடியோ ஓடுது. எல்லாம் செஞ்சுட்டேன்.”

“ரோவீனா, கதவத் திறங்க.”

அவர் சிரித்தார். பயத்தில் வரும் சிரிப்பு.

“என்னப் பரீட்சை பண்றீங்களா? தெரிஞ்ச குரலா இருந்தாலும் திறக்கக் கூடாது. திறந்தா உள்ள வந்துடும். நீங்கதானே சொன்னீங்க.”

ஒரு வாக்கியம் போதும். அது தப்பு, நான் சிரிப்புக்காக எழுதினது, வெளியே வாங்க. எனக்குத் தெரியும். ஆனால் அதை நம்பவைக்கக் கத்த வேண்டும், பத்தடி தள்ளி டூகல் ஜன்னலை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் இறங்கினால் கோடரியால் கதவை உடைப்பான். உள்ளே போவான். ஃப்ரிட்ஜில் என் தாளைப் பார்ப்பான். அதை எடுத்துவந்து பப்பில் மாட்டுவான், நான் சாகும்வரை அதன் கீழே உட்கார்ந்து குடிப்பான்.

கதவில் வாயை வைத்து மெல்லச் சொன்னேன், “சரியாத்தான் செஞ்சிருக்கீங்க ரோவீனா. அப்படியே இருங்க.”

“தேங்க்ஸ் லிண்ட்சே. நீங்க போய் மத்தவங்களப் பாருங்க.”

வண்டிக்குத் திரும்பினேன். “ஆள் இருக்கா?” என்று டூகல் கேட்டான். அவர் கார் கொட்டகைக்குள் இருந்ததால் வெளியே தெரியவில்லை. “இல்ல. முன்னாடியே கிளம்பிட்டாங்க” என்றேன். டூகல் வண்டியைத் திருப்பினான்.

அந்த வீடு எரிய எவ்வளவு நேரமானது என்று நேற்று என்னிடம் கேட்டீர்கள். நான் பார்க்கவில்லை, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவரிடம் நான் பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த தாளில் இருந்தபடி அவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தார்.

இதுதான் என் வாக்குமூலம். யாரும் வற்புறுத்தவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. விசாரணை முடிந்ததும் ரோவீனாவின் படிவத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதினோரு வருடத்தில் ஒழுங்காகப் பூர்த்தி செய்யப்பட்டது அது ஒன்றுதான், அடுத்த கூட்டத்தில் மாதிரிக்குக் காட்ட வேண்டும்.