கரண்ட் போனால் அழியாத செய்தி

தொண்ணூறுகளின் கடைசி. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். குடை வைத்திருந்தவர் சொன்னார்: "எனக்க வீட்டுல கரண்ட் போறது பின்லாந்துல ஒருத்தனுக்குத் தெரியும், கேட்டியா."

"அதெப்படி மக்கா?"

"பல பத்திரிகைச் செய்தியையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணா சேத்துத் தாற புரோகிராம் ஒண்ணு உண்டு. சும்மா கிடைக்கும். கரண்ட் போனா சேத்ததெல்லாம் அழிஞ்சுபோவும். அந்தப் புரோகிராம எழுதின பின்லாந்துக்காரனுக்கு ஈமெயில் போட்டேன். மாத்தி எழுதிட்டான். இப்ப அழியாது."

"உனக்காகவா?"

"உலகத்துக்கே ஆக்கும். மாத்தினதுக்க காரணத்தையும் அதுல எழுதியிருக்கான்: நம்ம குன்னத்துகால்ல கரண்ட் போவுதுன்னு."

அவர்கள் ஊர் வழியாகப் போகும் பஸ் வந்தது. மற்றவர் அதன் போர்டை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இதுல கூட நம்ம ஊரு பேரு இல்லியே, மக்கா."