முந்நூறு பேரை வழியனுப்பிய வைத்தியருக்கு

வெண்திரையின் வைத்திய வித்தகரே, சுவரொட்டியில் பெயர் வராமலே சுடர்ந்த துணைநடிகரே, கியோத்தோ படப்பிடிப்பு நிலையத்தின் அன்புக்குரிய குசகபே எய்ஜிரோ ஐயா, வணக்கம்.

முப்பத்தெட்டு ஆண்டுகளில் கதாநாயகர்கள் மாறினார்கள், காதலிகள் மாறினார்கள். மருந்துப் பெட்டியோடு வந்து, மரணப் படுக்கையருகே மண்டியிட்டு, மணிக்கட்டைத் தொட்டு, "முடிஞ்சுபோச்சுங்க" என்று தலைகுனியும் நீங்கள் மட்டும் மாறவில்லை. பிரபுக்களும் பேரழகிகளுமாக முந்நூறு பேரை வழியனுப்பினீர்கள். ஒருவரைக்கூடப் பிழைக்கவைத்ததில்லை. நூடுல்ஸ் கிண்ணத்தோடு நீங்கள் பக்கத்தில் அமர்ந்தாலே ஒப்பனைக்கார ஒகிமி அக்கா கையை ஒளித்துக்கொள்வார்.

"வைத்தியரே, தொட்டுடாதீங்க. எம் புள்ளைங்க இன்னும் படிக்குதுங்க."

"இயக்குநர் சொல்லாம நான் யாரையும் சாகடிக்கிறதில்லம்மா."

அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

ஆனால் மனத்தில் உறுத்துவதையும் எழுதத்தான் வேண்டும். படம்பிடிப்பு நடக்கும்போது வாசலில் எரியும் சிவப்பு விளக்கு அணையும்வரை யாரும் கதவைத் திறக்கக்கூடாது என்பது நம் நிலையத்தின் சட்டம். சென்ற நவம்பரில், துணைவியார் சுமியே அம்மையாருக்கு முடியவில்லை, உடனே வரவும் என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தபோது, நீங்கள் உள்ளே ஓர் அரிசி வணிகரின் நாடியைப் பிடித்திருந்தீர்கள். விளக்கு அணையட்டும் என்று நாங்கள் வெளியே நின்றோம். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அம்மையார் போய்விட்டார். எங்களை ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. ஏழாம் நாள் சடங்கு முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறியிருக்கும்.

பிறகு சென்ற மாதம், பணி ஓய்வுக்கு முன் உங்கள் கடைசிப் படம். நஞ்சுண்ட முதிய பிரபு சாகவேண்டும், மகன் பழிவாங்கக் கிளம்பவேண்டும். பிரபுவின் கையைப் பிடித்தீர்கள், வசனம் வரவில்லை. ஆறு முறை எடுத்தும் வரவில்லை. ஏழாவது முறை, "பிழைச்சுக்குவாருங்க. கையில சூடு இருக்கு" என்றீர்கள். சபதம் செய்யவேண்டிய கதாநாயகன் விம்மி அழுதுவிட்டார். கதாசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மிச்சம் நாப்பது பக்கத்த இனி யாரு மாத்தறது?"

"நீதான்யா," என்றார் இயக்குநர் நிஷிவாகி. "வைத்தியர் சொன்னா சொன்னதுதான்."

அந்தக் காட்சி அப்படியே படத்தில் இருக்கிறது. பிரபு பிழைத்துவிட்டார்.

நாடி தளராமலும் நகைச்சுவை குறையாமலும் நூறாண்டு வாழுங்கள், ஐயா. இனி அந்த வீட்டில் தனியாக இருக்கப்போகிறீர்கள். உடம்புக்கு முடியாவிட்டாலும், வெறுமனே பேச ஆள் வேண்டுமென்றாலும் எங்களைக் கூப்பிடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு வருவோம்.

தங்கள் அன்பை மறவாத,
இரண்டாம் படப்பிடிப்புக் கூடத்து ஊழியர்கள்