இடது கண்ணாடி

"வண்டி ஓடாட்டியும் பரவாயில்ல அப்பு, இடது கண்ணாடிய மட்டும் திருப்பிறாத."

வடமதுரையிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில் முன்சீட்டிலிருந்து இப்படி ஒரு குரல் கேட்டது. தூங்குவதுபோல் நடிப்பதில் கைதேர்ந்த நான், கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்தேன். பேசியவருக்கு அறுபது வயதிருக்கும். மடியில் உயிர்போன பைக் பாட்டரி. பக்கத்தில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக்.

"எட்டு மாசமா நிக்கிற வண்டிண்ணே. பாட்டரிக்கு சார்ஜ் போட்டு, பழைய பெட்ரோலக் கொட்டிட்டு, கார்புரேட்டரக் கழுவுனா ஓடிரும். கண்ணாடிதான் கோணலா நிக்கிது. அதுல ரோடே தெரியல."

"ரோட்டுக்காக வச்சதில்லப்பா. பின்னால உக்காந்திருக்கிற ஒன் மதினி மூஞ்சி தெரியணும்னு வச்சது."

"அப்ப பின்னால லாரி வந்தா?"

"அவதான் முதுகுல தட்டுவா."



"இப்ப எங்கண்ணே போகணும்?"

"கல்லறைத் திருநாள் வருதுல்ல. அவளுக்கு மெழுகுவத்தி ஏத்தணும். பஸ்ல போயி நின்னேன்னா, வண்டிய என்ன செஞ்சீகன்னு கேப்பா."

"இப்ப அந்தக் கண்ணாடியில என்னண்ணே தெரியுது?"

"வானந்தான்."

"சரிண்ணே. வலது பக்கம் பெருசா ஒண்ணு மாட்டித் தாரேன். அத வச்சு ரோட்டப் பாருங்க. இடதத் தொடல."

நான் கண்ணைத் திறந்தபோது பஸ் நாகல் நகரைத் தாண்டியிருந்தது. நான் இறங்க வேண்டியது அங்கேதான். தட்டி எழுப்ப என் பக்கத்திலும் ஆளில்லை.