எண்ணெய் வைக்காத தலை

இந்த மூளை அலைச் சோதனையில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான் டாக்டரம்மா. தலைக்கு எண்ணெய் வைக்காமல் கூட்டிவரச் சொல்கிறீர்கள். சங்கமித்ராவுக்கு அடர்ந்த முடி. ஒருநாள் எண்ணெய் காட்டாவிட்டாலும் பறட்டையாகிவிடும்.

கேட்டதற்கு வருகிறேன். காலையிலிருந்து விட்டு விட்டு வலிப்பு, ஊசி போட்டும் அடங்கவில்லை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்கிறீர்கள். என் மகளுக்கு மறதி அதிகம். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நான்தான் மாத்திரையைப் பிரித்து வாயில் போடுவேன். ஆ காட்டுவாள். என்ன மாத்திரை என்று பார்க்கவே மாட்டாள்.

திருவொற்றியூரில் நாங்கள் இரண்டே பேர். அவள் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நான் காசிமேட்டு இறாலை வீட்டுக்கு எடுத்துவந்து உரித்துக் கொடுக்கிறேன். அவளுக்கு வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வேலை. மூன்று வருஷமாக வலிப்பே இல்லை. அப்போதுதான் பகலவன் வந்தான். வள்ளூர் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன்.

"வலிப்பு இருந்தா இன்னா அத்த? நான் பாத்துக்க மாட்டனா?" என்றான்.

பிடிவாதம் இவளுக்குத்தான். "மூள அலை சுத்தமா வரட்டும்பா. அப்பாலதான் தாலி. உன் தலைல நோவக் கட்ட எனக்கு இஷ்டமில்ல."

"எண்ணூர்ல பொறந்தவன்கிட்ட அலையக் காட்டி பயமுறுத்துறா பாரு அத்த" என்று சிரித்தான்.

என்னையும் வள்ளூருக்குக் கூப்பிட்டார்கள். மருமகன் வீட்டு மூலையில் போய் உட்கார முடியுமா, நீங்களே சொல்லுங்கள். இங்கேயே இருந்தால், யாரை ஆ காட்டச் சொல்வேன்?

முடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை தடவி ஒயர் ஒட்டுகிறாளே கிறிஸ்டினா, அவள் முதல் தடவை சோதனைக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பினாள். "மொத நாள் ராத்திரி தூங்க வுடாதீங்கம்மா. தூக்கம் கெட்டாத்தான் ஒளிஞ்சிகினு கீற அலை மேல வரும். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க, வலிப்பு வந்துடும்."

விளங்கும்படி சொன்னாள். இரண்டையும் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு ராத்திரியை நான் ஒரு வாரம் ஆக்கினேன். இறால் கூடையை நடுவில் வைத்து ஊர்க்கதை பேசுவோம். "கண்ணு சொக்குதும்மா, வுட்டுடேன்" என்பாள். "டாக்டரம்மா சொல்லிகீறாங்க, உரி" என்பேன். அவள் மாத்திரைக்குப் பதிலாக, எலும்புக்கென்று எனக்குக் கொடுத்த வெள்ளை மாத்திரையைப் போட்டேன். அதுவும் சத்துதான்.

திரையில் அலை முள் முள்ளாக எழும்பியது. நீங்கள்கூட வருத்தப்பட்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் பகலவனுக்குப் போன் போட்டு வேறு பெண் பார்க்கச் சொன்னாள். அன்றைக்கே நான் பழைய மாத்திரையைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். வலிப்பு வரவில்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

அவன் போகவில்லை டாக்டரம்மா. அங்கேதான் எல்லாம் கெட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வாசலில் நின்றான். போன மாதம் இவளும் இறங்கிவந்தாள். "இன்னொருவாட்டி எடுத்துப் பாக்கலாம்மா. இந்தவாட்டி நல்லா வரும், எனக்குத் தெரியிது." தலைக்கு ஷாம்பு அவளே வாங்கிவந்தாள்.

நான் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்தது பழைய வழி ஒன்றுதான். போன தடவை ஒரு வாரம். இந்தத் தடவை மாதம் முழுக்க அவள் வாய்க்குள் போனது என் மாத்திரைதான். தூக்கத்தையும் முடிந்தவரை கெடுத்தேன்.

இன்று காலை இறால் கூடையின் மேலேயே சாய்ந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து உலுக்கினேன்.

அவளுடைய மாத்திரைகள் அரிசிப் பானைக்குள் இருக்கின்றன. ஒன்றைக்கூட வீணாக்கவில்லை.

பகலவன் வெளியே நிற்கிறான். அவனிடம் சொல்ல வேண்டாம், பையன் தாங்க மாட்டான். இப்போது அவள் தலையில் ஒட்டியிருக்கிற ஒயரைக் கழற்றியதும் என்னைக் கூப்பிடுங்கள், அந்தப் பசையைத் துடைத்து எண்ணெய் வைக்க வேண்டும். புது மாத்திரை எழுதினால் என் கையில் கொடுங்கள். வேறு யார் கொடுத்தாலும் அவள் வாயைத் திறக்க மாட்டாள்.